மேஸ்திரியின் கழுத்து

டீலியா காஃப்னிக்கு எதற்கெல்லாம் பயம் என்று கேட்பதைவிட, எதற்குப் பயமில்லை என்று கேட்டால் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். டிராம் வண்டிக்குப் பயம். இடிக்குப் பயம். பித்தளை ஆலைகள் கொட்டும் அமிலத்தில் பச்சையாக ஓடும் நௌகாடக் ஆற்றுக்குப் பயம். பாவமன்னிப்புக் கூண்டின் வலைக்கு அப்பால் பாதிரியார் தொண்டையைக் கனைத்தால்கூட அவளுக்குப் பயம். "அந்தக் காஃப்னி பொண்ணு தன் நிழலப் பாத்தே சிலுவை போட்டுக்கும்" என்று அவள் குடியிருந்த அப்ரிகடோர் மேட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட, பதினாறு வயதில் அவள் பார்த்ததைப் பார்த்தவர் இல்லை.

அது பொத்தான் ஆலையில் நடந்தது. எங்கள் வாட்டர்பரி ஊரில் எந்த ஆலைக்குள் போனாலும் கூரையை ஒட்டி நீளமாக ஒரு இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டிருக்கும். அதிலிருந்து அகலமான தோல் பட்டைகள் இறங்கி வந்து ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டும். டீலியாவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்தவளுக்கு இடுப்புவரை பின்னல். கீழே விழுந்த பொத்தானை எடுக்கக் குனிந்தாள், பின்னல் பட்டையில் ஏறியது. அவ்வளவுதான். அதற்கு மேல் டீலியா யாரிடமும் சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. மறுநாளே தன் தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். கல்யாணம் ஆகாத பெண் இப்படி வெட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று அக்கா வின்னி அழுதாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் டீலியாவுக்கு முப்பத்தோரு வயது. கல்யாணம் ஆகவில்லை. நெஞ்சு நோவில் படுத்த விதவை அக்காவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். வேலை, டைக்கும் காலருக்கும் வேண்டிய சாமான் செய்யும் ஆலையில். அந்த ஆலையின் பெருமையெல்லாம் 'விடாப்பிடி' என்ற கிளிப். அந்நாளில் பாதிப் பேர் போட்டது முடிச்சை முன்பே தைத்து வைத்த டைதான். அது கழுத்தைச் சுற்றி வராது, காலரின் முன்பக்கம் மாட்டிக்கொண்டால் போதும். ஆனால் சற்றுக் குனிந்தால் போதும், கழன்று சூப்பில் விழும். விடாப்பிடியின் ஒரு முனை டை முடிச்சின் முதுகில் கொக்கி போட்டுக்கொள்ளும். மறுமுனையில் இரண்டு வரிசைப் பல். அது கஞ்சி போட்ட காலரையும் சட்டையையும் சேர்த்துக் கடித்தால், கடித்ததுதான். ஆலைப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் கடிநாய்.

டீலியா சோதனை மேசையில் இருந்தாள். ஒவ்வொரு கிளிப்பையும் ஒரு துணிப்பட்டையில் கடிக்கவிட்டு, கீழே இரண்டு பவுண்டு ஈயக்கல்லைத் தொங்கவிட வேண்டும். இருபதுவரை எண்ண வேண்டும். பிடித்துக்கொண்டிருந்தால் பெட்டிக்கு, வழுக்கினால் உருக்குவதற்குத் தகர டப்பாவுக்கு. பயந்தவள் கையில் கொடுத்த வேலை பிழைபடாது. அவள் இருபத்தைந்துவரை எண்ணுவாள்.

இனி மேஸ்திரி. லைமன் அப்ஸன் பத்தொன்பது வருஷமாக அந்தத் தளத்தின் மேஸ்திரி, முதலில் வந்து குடியேறிய பழைய யாங்கி குடும்பத்து ஆள், நெட்டை. ஆலைச் சரக்கைத் தன் கழுத்தில் போட்டுக் காட்டுவது அந்த ஆலையின் மேஸ்திரிக்கு எழுதாத சட்டம். திங்கட்கிழமை காலை டீலியாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டுவார். அவள் ஒரு புது கிளிப்பை வைப்பாள். அதைத் தானே காலரில் மாட்டி, டையைத் தொங்கவிட்டு, ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போவார். வெக்கைக்கு வெயிஸ்ட்கோட்டை ஆணியில் மாட்டிவிடுவார். அப்புறம் நாள் முழுக்க அந்த டை, ஓடுகிற பட்டைகளுக்கு நடுவே அவர் குனியும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் டீலியாவுக்குப் பொத்தான் ஆலையின் அந்தப் பின்னல் நினைவுக்கு வரும்.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"சார், அந்த டை... பட்டை பக்கத்துல ஆடுது சார்."

அப்ஸன் குனிந்து தன் டையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"என் கழுத்தப் பாத்துக்க வீட்ல எனக்குப் பெண்டாட்டி இருக்காம்மா. நீ உன் கல்லப் பாரு."

தளமே சிரித்தது. டீலியா காது மடல்வரை சிவந்து கல்லைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை, அவர் கையை நீட்டியபோது, தகர டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். வெளியே பார்த்தால் பளபளவென்று குறையே தெரியாது. டையைத் தாங்கும், காற்றுக்கும் தும்மலுக்கும் அசையாது. பலமாக ஒரு இழுப்பு இழுத்தால் மட்டும் பல் வழுக்கி விட்டுவிடும்.

அவள் செய்ததிலேயே துணிச்சலான காரியம் அதுதான், அதைச் செய்யவைத்ததும் பயம்தான். ஆனால் ஒரு பயத்தைத் தணித்த கையோடு இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. தெரிந்தால் வேலை போகும். கழிவுச் சரக்கை மேஸ்திரி கழுத்தில் மாட்டியவள் என்று பேர் கிளம்பினால் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் எந்த ஆலையும் சேர்க்காது. வின்னியின் மருந்து? பிள்ளைகளின் பால்? அந்த நினைப்பில் சனிக்கிழமை கோயிலுக்குப் போய்க் கூண்டுக்குள் மண்டியிட்டாள்.

"கெட்டுப்போன சாமான நல்லதுன்னு சொல்லிக் குடுத்துட்டேன், ஃபாதர்."

"வித்தியா?"

"இல்ல ஃபாதர், சும்மாதான் குடுத்தேன்."

"அதனால யாருக்காவது கெடுதலா?"

"இல்ல ஃபாதர். நல்லதுக்குத்தான்."

"அப்புறம் எதுக்கும்மா உனக்குப் பின்னாடி முப்பது பேரக் காக்க வைக்கிற? மாதாவுக்கு மூணு அருள்நிறை மந்திரம் சொல்லிட்டு வீட்டுக்குப் போ."

போனாள். ஆனால் பயம் அவளோடு அடுத்த திங்கட்கிழமைக்கும் வந்தது. இப்படிப் பதினொரு மாதம். வாரத்துக்கு ஒன்று, டப்பாவில் இருப்பதிலேயே நல்ல பளபளப்பாகப் பொறுக்கி வைப்பாள். கொடுத்த பிறகு நாளெல்லாம் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், வழுக்கிவிட்டதோ, கண்டுபிடித்துவிட்டாரோ என்று. ஆறாம் நம்பர் இயந்திரத்தில் இருந்த லித்துவேனியாக்காரி ஓனா இதைக் கவனித்துவிட்டாள்.

"ஏய் டீலியா, கண்ணாலயே அந்த ஆளுக்குச் சொக்கா தைக்கிறியாடி? அவருக்குப் பொஞ்சாதி இருக்கா, தெரியும்ல?"

"சும்மா இருடி."

"நான் சும்மாதான் இருக்கேன். உன் கண்ணுதான் சும்மா இல்ல."

பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டீலியா மறுக்கவில்லை. காதல் என்று நினைத்துச் சிரித்தால் சிரிக்கட்டும், உண்மை தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆகஸ்டு பிறந்தால் நியூயார்க்கிலிருந்து கடைக்காரர்கள் சரக்குப் பார்க்க வருவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் திருவிழா அது. அன்று மேஸ்திரி தளத்தின் நடுவில் நின்று நெஞ்சை நிமிர்த்தி, "இழுத்துப் பாருங்க" என்பார். வந்தவர்கள் டையைப் பிடித்து இழுப்பார்கள். கிளிப் விடாது. எல்லோரும் கைதட்டுவார்கள், ஆர்டர் எழுதுவார்கள். அந்த வாரம் மட்டும் நல்ல கிளிப்பைக் கொடுத்துவிடலாம் என்று டீலியா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவர்களோ ஒரு வாரம் முன்னதாகவே வந்து இறங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ஓனா வந்து சொன்னாள். "பத்து மணிக்கு நியூயார்க் ஆளுங்க வர்றாங்களாம்டி. முதலாளி ஜன்னல் எல்லாம் துடைக்கச் சொல்றாரு."

டீலியா திரும்பி மேஸ்திரியின் கழுத்தைப் பார்த்தாள். முந்தின நாள் அவர் கையில் வைத்த கிளிப், ஈயக்கல் தொங்கி ஏழு எண்ணுவதற்குள் வழுக்கியது. நியூயார்க்காரன் ஒருவன் விளையாட்டாக இழுத்தாலே போதும், டை அவன் கையோடு போகும். முதலாளி முன்னால், வந்தவர்கள் முன்னால். கிளிப்பை வாங்கிப் பார்ப்பார்கள், டீலியாவின் மேசைக்கு வருவார்கள். ஒன்பதரைவரை அவளால் ஒரு கிளிப்பைக்கூடச் சோதிக்க முடியவில்லை. எண்ணிக்கை பதினொன்றிலேயே நின்று நின்று போனது. ஒரு பக்கம் அவர் கழுத்து. இன்னொரு பக்கம் இருமுகிற அக்கா, இரண்டு தட்டு, இரண்டு ஸ்பூன்.

ஒன்பதே முக்காலுக்கு எழுந்து போனாள். கையில், நாற்பதுவரை எண்ணியும் அசையாத ஒரு கிளிப்.

"சார், உங்க கிளிப்பு கறுத்துப்போச்சு. வர்றவங்க பாப்பாங்க. இத மாட்டிக்குங்க சார்."

அப்ஸன் கழற்றிப் பார்த்தார். "கறுக்கலையே." பிறகு தோளைக் குலுக்கிப் புதியதை மாட்டிக்கொண்டார். "பரவால்ல, உனக்கும் ஆலை மேல அக்கறை இருக்கு."

வந்தவர்களில் ஒருவர் தடியர். டையை இரு கைகளாலும் பிடித்து, காலைத் தரையில் ஊன்றி இழுத்தார். மேஸ்திரி இரண்டு அடி முன்னால் தடுமாறி வந்தார், முகம் கருஞ்சிவப்பாகிவிட்டது. கிளிப் விடவில்லை. தடியர் மூச்சு வாங்கிக்கொண்டு, "இது நாய் இல்லய்யா, முதலை!" என்றார். தளம் முழுக்கக் கைதட்டல். முதலாளி தேயர் அதுவரை யாரும் பார்க்காத ஒரு சிரிப்புச் சிரித்தார். டீலியாவும் தட்டினாள். தட்டும்போது அவள் கண் மட்டும், அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பட்டையில் இருந்தது.

அவர்கள் போனவுடனே அவரிடம் ஓடினாள். "சார், அந்தக் கிளிப்ப இப்பிடிக் குடுத்துடுங்க. பல்லு வளைஞ்சிருக்கும். வேற தர்றேன்."

"இதையா? நல்லா இருக்கே கதை!" அப்ஸன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஆறு வருஷத்துல பாக்காத ஆர்டர் இன்னைக்கு. ராசியான கிளிப்பு. இனிமே திங்கக்கிழமை கிங்கக்கிழமை எல்லாம் கிடையாது. இதக் கழட்ட மாட்டேன்."

"சார்..."

"போம்மா."

அந்த ராத்திரி அவள் தூங்கவில்லை. புதன்கிழமை அவர் பன்னிரண்டு தடவை குனிந்தார், பன்னிரண்டையும் அவள் எண்ணினாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எழுந்தாள். மூன்று தடவையும் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். தன்மேல் அவளுக்கு வந்த அருவருப்புக்கு அளவில்லை. செய்ய முடிந்தது ஒன்றுதான்: துணிப்பட்டை நறுக்கும் பெரிய கத்தரிக்கோலை மேசையில் வைக்காமல், ஏப்ரனில் செருகி வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மூன்று மணி இருக்கும். ஓனாவின் இயந்திரத்தில் பட்டை கீச்சிட்டது. அப்ஸன் வந்தார். எங்கே உராய்கிறது என்று காது வைத்துக் கேட்கக் குனிந்தார். டையின் நுனி பட்டையின்மேல் ஒரு தரம் மெதுவாகப் பட்டது. டீலியா அதைப் பார்த்தாள். இரண்டாம் தரம் படுமுன் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. டை உருளைக்கும் பட்டைக்கும் நடுவே போனது, அவர் தலையும் கூடவே போனது. நெற்றி இரும்புச் சட்டத்தில் மோதியது. கஞ்சி போட்ட காலர் கழுத்துக்குள் இறங்கியது. கைகள் காற்றைத் துழாவின. கத்துவதற்கு அவருக்குத் தொண்டை இல்லை. ஓனாதான் கத்தினாள், கத்திக்கொண்டே பட்டையை விலக்கும் மரக்கோலைத் தள்ளினாள். பட்டை நகர்ந்து நிற்பதற்குள் மனிதன் செத்துவிடுவான் என்று டீலியாவுக்குத் தெரியும். அவர் முதுகின்மேல் விழுந்து, தாடைக்குக் கீழே கத்தரிக்கோலை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். ஒரு தடவை. டையின் பட்டுத்துணி அறவில்லை. இன்னொரு தடவை.

இருவரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள். அவர் தாடை கிழிந்து ரத்தம் கொட்டியது, முகம் நீலம். காலருக்கு மேலே ஊதா நிறத்தில் ஒரு வளையம். கிளிப் மட்டும் அறுந்த டையின் மூன்று அங்குலத்தைக் கவ்விக்கொண்டு அப்படியே இருந்தது. நான்கு ஆண்கள் சேர்ந்துதான் அதைக் கழற்ற முடிந்தது. டீலியா நாற்காலிக்குத் திரும்பி, ஈயக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி தேயர் அவளை மாடி அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அப்ஸன் அங்கே நாற்காலியில் இருந்தார். கழுத்தில் ஃபிளானல் துணி, தாடையில் தையல், குரல் போய்விட்டிருந்தது. முதலாளி எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார்.

"பெரிய காரியம் பண்ணினம்மா. இந்த ஆலை உன்ன மறக்காது." உட்காரச் சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த கிளிப்பை எடுத்துக் காட்டினார். "இதப் பாரு. இத்தனை குதிரை சக்தில ஓடுற பட்டையே இழுத்தும் விடல! பத்திரிகைல போடச் சொல்லப்போறேன். திங்கக்கிழமைல இருந்து ஆறு உதவி மேஸ்திரிங்களும் இதத்தான் போடணும், தளத்துல, எல்லாரும் பாக்கிற மாதிரி. நீயே உன் கையால பொறுக்கிக் குடு. உறுதியானதா."

டீலியா அந்த கிளிப்பைப் பார்த்தாள். ஆறு கழுத்துகள் அவள் கண்முன் குனிந்தன. அதில் ஒருவரான கோயலுக்கு அவளுடைய கோயில் தெருவிலேயே வீடு, நான்கு பிள்ளைகள். ஓடிவிடலாம் போலிருந்தது. யாரோ பேசும் சத்தம் கேட்டது. பேசுவது தான்தான் என்று அப்புறம்தான் புரிந்தது.

"குடுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"பதினொரு மாசமா மேஸ்திரிக்கு நான் நல்ல கிளிப்பு குடுக்கல சார். டப்பால போட்டதத்தான் குடுத்தேன். இழுத்தா விட்டுடணும்னுதான் குடுத்தேன். செவ்வாக்கிழமை மட்டும் வேலை போயிடும்னு பயந்துக்கிட்டு நல்லதக் குடுத்துட்டேன். அது விடல. நான்தான் சார் அவரை அந்தப் பட்டையில கட்டிவிட்டேன்."

தேயரின் முகம் மாறிய விதத்தைப் பார்த்து அவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கழிவுச் சரக்கா? என் மேஸ்திரி கழுத்திலா? பதினொரு மாதமா? ஊரார் முன்னால் மானம் போயிருந்தால்? அவர் கேட்கக் கேட்க அவள் தலை தாழ்ந்துகொண்டே போனது.

அப்போது நாற்காலியில் இருந்தவர் கையைத் தூக்கினார். தொண்டையிலிருந்து வந்தது பேச்சில்லை, காற்றுதான்.

"ரெண்டு தடவை."

"என்ன ரெண்டு தடவை, லைமன்?"

அப்ஸன் எச்சில் விழுங்கினார், வலியில் கண் சுருங்கியது. "பிப்ரவரில ஒரு தடவை. ஈஸ்டர் முடிஞ்சு ஒரு தடவை. யாரும் இல்லாத மூலைல, டை பட்டைல போச்சு. கிளிப்பு வழுக்கிருச்சு. டை மட்டும் போச்சு." "நான்தான் சரியா மாட்டலன்னு நினைச்சேன். விடாப்பிடி விட்டுருச்சுன்னு மேஸ்திரியே எப்பிடிச் சொல்றது? வெளிய சொல்லல. புது டை வாங்கிக்கிட்டேன். வீட்ல அவகிட்டகூட சொல்லல. பயமா இருந்துச்சு."

பத்தொன்பது வருஷம் தளத்தையே அதட்டிய மனிதர் அப்படிச் சொன்னதைக் கேட்டு டீலியாவுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு தடவை. நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தும் ஒன்றுகூடத் தன் கண்ணில் படவில்லையே.

தேயர் நல்லவர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், சொல்லட்டும். அன்று பத்து மணிக்கெல்லாம் டீலியா தன் சாப்பாட்டு வாளியோடு ஆலை வாசலுக்கு வெளியே நின்றாள். சரக்கு கெட்டது என்று தெரிந்தே கொடுத்தவளை வைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் சொன்ன நியாயம். வீட்டில் வின்னி ஒன்றும் திட்டவில்லை. இருமி முடித்துவிட்டு, "மீனு வாங்க வேணாம், உருளைக்கிழங்கு இருக்கு" என்றாள். டீலியா அதற்கும் பயந்தாள், எத்தனை நாளைக்கு இருக்கும் என்று.

திங்கட்கிழமை சாயங்காலம் ஓனா மேடேறி வந்தாள், மூச்சு வாங்க. கதவைத் தட்டக்கூட இல்லை.

"டீலியா, இன்னைக்கு மேஸ்திரி வேலைக்கு வந்துட்டாருடி. எங்களுக்கு யாருன்னே தெரியல. கழுத்துல காலரும் இல்ல, டையும் இல்ல! சட்டைப் பொத்தானத் திறந்து போட்டுக்கிட்டு, கழுத்துல அந்த ஊதா வளையத்தோட, தளத்து நடுவுல வந்து நின்னாரு. அப்பிடியே ஆறு பேரையும் பாத்தாரு. ஒரு வார்த்தை பேசல. கோயல்தான் முதல்ல கழட்டினான். அப்புறம் எல்லாரும்."

"முதலாளி?"

"மேல இருந்து பாத்தாரு. கீழ இறங்கி வரல."

டீலியா ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுது முடிய நேரமாயிற்று. வின்னி உள்ளேயிருந்து என்னவென்று கேட்டாள். பிறகு டீலியா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓனாவின் கையைப் பிடித்தாள்.

"தளத்துல ஜன்னல் எல்லாம் திறந்திருக்குமேடி. அந்தத் தையலோட காத்து பட்டா ஆகுமா? கழுத்துக்கு ஒரு கம்பளித் துணியாவது நீளமா சுத்திக்கச் சொல்லு." சொல்லி வாய் மூடவில்லை, அவள் முகம் வெளுத்தது. பிடித்த கை இறுகியது. "இல்ல, வேண்டாம் ஓனா. வேண்டாம். ஒண்ணும் சுத்திக்க வேண்டாம்னு சொல்லு."